குனியாத தலை

அத்தியாயம் ஏழு

கேமராக்காரர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ஜப்பான் கடலை ஒட்டிய ஹமாசே பல்கலைக்கழகத்தின் வாசலில், பனியைக் காலால் ஒதுக்கி முக்காலிகளை நட்டுவிட்டு, ஒரு பெண்ணின் தலை குனிவதற்காகக் காத்திருந்தார்கள்.

மதியம் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. முனைவர் குஸே மதோகா உள்ளே போக வேண்டும். தன் ஆராய்ச்சி பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இதே வாசலுக்கு வந்து, மைக்குகளுக்கு முன்னால் இடுப்பை மடக்கி, ஃப்ளாஷ் ஓயும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த உச்சந்தலை வரும். அதோடு அவள் கதை முடிந்தது என்று ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

"ஒரு உச்சந்தலைக்கு இவ்வளவு பெரிய லென்ஸா, பாஸ்? பொடுகு இருந்தா அதுக்கும் தனியா மன்னிப்புக் கேக்கணும் போலிருக்கே" என்றாள் தமாகி.

தமாகி பல வருடம் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக இருந்தவள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள், வாய் இன்னும் இறங்கவில்லை. அவளுடைய பாஸ், துப்பறிவாளர் மிபு, அதற்கு நேர் எதிர். காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்து வெளியே வந்தவர். குளிர் ஆகாது. கோட்டின் எல்லாப் பைகளிலும், கையைச் சூடாக்கிக்கொள்ளும் சின்னச் சூட்டுப் பொட்டலம் வைத்திருப்பார். யோசிக்கும்போது ஒன்றை எடுத்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டிருப்பார். இன்று காலையிலிருந்து மாற்றிக்கொண்டேதான் இருந்தார்.

போன வாரம் குஸே அவர்களைத் தேடி வந்து சொன்ன கதை இது. மீனவர்கள் கடலில் தொலைக்கும் நைலான் வலைகள் அழிவதில்லை. இழுக்க ஆள் இல்லாமலே வருடக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அந்த நைலானைத் தின்று கரைக்கும் கிருமி ஒன்றை ஹமாசே துறைமுகத்தில் அவள் கண்டுபிடித்தாள். அவள் தொட்டியில் போட்ட வலை இரண்டே வாரத்தில் காணாமல் போனது. இலையுதிர்காலத்தில் கட்டுரை வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அவள் அனுப்பிய கிருமியை வைத்து மற்ற ஊர் ஆய்வகங்கள் செய்து பார்த்தன. எங்கேயும் ஒரு நூல்கூடக் கரையவில்லை. புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்தால், அவளுடைய சொந்தத் தொட்டியிலேயே கரையவில்லை. பொய்க்காரி என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கெடுத்தது யார் என்பதில் குஸேவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து மேஜை ஹதநகா. அவள் பெயர் உலகம் சுற்றாமல் இருந்திருந்தால் நிரந்தர வேலை அவனுக்குத்தான். தொட்டியில் அவன் எதையோ கலந்துவிட்டான் என்று, புத்தாண்டின் முதல் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மிபு தொட்டித் தண்ணீரை வெளியே கொடுத்துச் சோதித்தார். இன்று காலை முடிவு வந்தது. கலப்படம் எதுவும் இல்லை, சுத்தமான கடல் தண்ணீர். பிடித்து வைத்திருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டது.

தொட்டி அறை வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். குஸே கைகளைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். சோதனை முடிவைக் கேட்டதும் அவள் முகம் மாறவில்லை. காலையில் சென்செய் கூப்பிட்டனுப்பினார் என்றாள். சென்செய், அதாவது குரு, என்று அவள் சொன்னது பேராசிரியர் ஒனொதெராவை, அவளுடைய துறைத்தலைவரை. ஆழமாகக் குனி, முடிந்தால் கொஞ்சம் அழு, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ரொம்பப் பிரியமாகச் சொன்னாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மிபு.

"தப்பு செஞ்சிருந்தா இடுப்பு தானா மடங்கும், சென்செய். நான் செய்யல, அதனால மடங்காது. அவ்வளவுதான் சொன்னேன்."

தமாகிக்கு அந்த நிமிடமே இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. பிடித்துப்போன ஆளைக் கைவிடுவது அவளால் ஆகாத காரியம். ஆனால் மூன்று மணிக்குள் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மிபு சூட்டுப் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தார். பிறகு நின்றார். "நாம இத்தனை நாளா ஒரே கேள்வியைத்தான் கேட்டுட்டிருந்தோம். தொட்டிக்குள்ள யாரு எதைப் போட்டாங்க? யாரும் எதையும் போடலன்னு ஆயிடுச்சு. அப்போ எதை எடுத்தாங்க?"

தமாகி பைக்குள்ளிருந்து வார இதழை எடுத்தாள். இலையுதிர்காலத்தில், குஸே புகழோடு இருந்தபோது வந்த இதழ். தொட்டிக்குப் பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் பெரிய வண்ணப் படம் அதில் இருந்தது. அந்தச் சிரிப்பை இப்போது அவள் முகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமாகி படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போதைய தொட்டியில் வலை மேலே மிதந்து போகாமலிருக்க ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருந்தது. படத்தில் அந்த இடத்தில் பழுப்பாக ஏதோ கிடந்தது.

"இது என்ன? யாரோ சாப்பிட்டுட்டுப் போட்ட மிச்சமா?"

"அதுவா? ஆக்டோபஸ் பிடிக்கிற மண்சட்டி. வீடுன்னு நெனச்சு அது உள்ள வந்து உக்காரும்ல, அந்தச் சட்டி. எங்க அப்பா படகுல உடைஞ்சு போன ஒண்ணு. வலைக்குப் பாரமா வெச்சிருந்தேன். பெருஞ்சுத்தம் பண்ணும்போது அழுக்கா இருக்குன்னு யாராவது மாத்தியிருப்பாங்க" என்றாள் குஸே. அலட்சியமாகத்தான் சொன்னாள். வருடக் கடைசியில் மாடிப்படி முதல் மின்விசிறி வரை தேய்த்துக் கழுவும்போது எத்தனையோ சாமான் இடம் மாறும்.

"கட்டுரையில அதைப் பத்தி என்ன எழுதினீங்க?"

"பாரம்னு எழுதினேன். பாரத்தைப் பத்தி வேற என்ன எழு..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். சுடுமண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளை. உடைவதற்கு முன் இருபது வருடம் கடலடியில் கிடந்த சட்டி அது. அந்தத் துளைகளில் எது குடியிருந்தது என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுடைய கிருமிக்கு ஒரு துணை இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நைலான் கரையும். மற்ற ஆய்வகங்களுக்கு அவள் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதைப் பாரம் என்று எழுதியிருந்தாள்.

"ஒரு வருஷம் தினமும் பாத்திருக்கேன். அதைக் கல்லுன்னு நெனச்சேன்" என்றாள். அவள் குரலில் முதல்முறையாகத் தன்மேலேயே கோபம் வந்தது. "அது போச்சுன்னா எல்லாம் போச்சு. அப்பாவோட மத்த சட்டி எல்லாம் இப்போ பிளாஸ்டிக்."

ஆய்வகத்துக் குப்பைக்குப் பொறுப்பு ஹதநகா. கட்டடத்தின் பின்புறம் குப்பை அறையில், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு புட்டியின் மூடியையும் தாளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. குஸே வாசலோடு நின்றுவிட்டாள். அவன் அவள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பெருஞ்சுத்தத்தன்று மண்சட்டி ஏதாவது குப்பைக்கு வந்ததா என்று மிபு கேட்டார்.

"வரல" என்றான் ஹதநகா. "மண்சட்டி எரியாத குப்பை. உடைஞ்சதா இருந்தா செய்தித்தாள்ல சுத்தி, மேல சிவப்பு மையில 'ஆபத்து'ன்னு எழுதி, அறை எண்ணும் பேரும் போட்டுத்தான் கொடுக்கணும். உலோகமும் அப்படித்தான். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன். நான் பாக்காம இங்கேருந்து ஒரு ஆணிகூட வெளிய போகாது."

"எரியாத குப்பை வண்டி எப்போ வந்துச்சு?"

"மாசத்துக்கு ஒரு தடவைதான். புத்தாண்டு விடுமுறைல வரல. இனிமே அடுத்த வாரம். எல்லாம் அங்க இருக்கு, பாத்துக்குங்க."

பார்த்தார்கள். பீங்கான் கோப்பை, பல்பு, துருப்பிடித்த கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. சட்டி இல்லை.

"இந்த ஊர்ல ஒருத்தன் களவு பண்ணிட்டுத் தப்பிச்சுடலாம், பாஸ். குப்பையை மறைக்கத்தான் முடியாது" என்றாள் தமாகி.

மிபு சிரிக்கவில்லை. அன்றைக்குத் தொட்டி அறையைக் கழுவியது யார் என்று கேட்டார். ஹதநகாவின் கை நின்றது. மேலே போகும் தண்ணீர்க் குழாயைப் பார்த்தான்.

"அதை நாலாவது மாடில கேட்டா நல்லது" என்றான்.

நாலாவது மாடியில் ஒரே ஓர் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். தமாகிக்கு உடனே புரிந்தது, குஸேவுக்கும் புரிந்தது. மீதி, மிபு ஹதநகாவைத் துருவிக் கேட்டதில் வந்தது. அறுபத்து மூன்று வயதில், டிசம்பர் தண்ணீரில், சென்செய் தாமே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவியிருக்கிறார். துணி போட்டு மூடிய வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு மாடியேறியிருக்கிறார். குஸேவைத் தவிர மொத்த ஆய்வகமும் பார்த்திருக்கிறது. சென்செய் கையில் வாளி ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது இங்கே வழக்கமில்லை.

மாடிப்படியில் தமாகி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "என் முன்னாள் புருஷன் ஒரே ஒரு நாள் தானா முன்வந்து பாத்திரம் கழுவினான். அடுத்த நாள் காரை எங்க மோதினான்னு தெரிஞ்சுது."

பேராசிரியர் ஒனொதெரா அவர்களை எழுந்து வரவேற்றார். பச்சைத் தேநீர் ஊற்றினார். பயற்று இனிப்பைத் தட்டோடு முன்னால் தள்ளினார். ஜன்னலோரம் ஒரு சின்னக் கடல்மீன் தொட்டி இருந்தது. அதற்குள் மணலில் பாதி புதைந்து, பழுப்பு நிறத்தில், ஓர் உடைந்த மண்சட்டி. சட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பேத்தை மீன் உப்பிய கன்னத்தோடு எட்டிப் பார்த்தது.

தமாகி மிபுவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஆனால் மிபு சட்டியைப் பற்றிக் கேட்டதும் பேராசிரியர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஆமா, இந்தப் பொண்ணு தொட்டில கிடந்ததுதான். தூக்கிப் போட மனசு வரல. மீனுக்கு வீடாச்சு."

"அதைத் திருப்பிக் கொடுங்க, சென்செய்" என்றாள் குஸே.

"மீன் பழகிடுச்சேம்மா. ஏப்ரல்ல வந்து எடுத்துக்கோ."

ஏப்ரலில் குஸேவின் ஒப்பந்தம் முடிந்திருக்கும். சென்செய் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். ஓய்வுக்கு முன்னால் ஒரு பெரிய உரை நிகழ்த்தப்போகிறார் என்று துறை முழுக்கப் பேச்சு. அந்த உரையில் என்ன இருக்கும் என்று மூவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மற்ற ஆய்வகங்கள் தோற்றபோதே, அவர்களிடம் இல்லாதது இந்தச் சட்டி ஒன்றுதான் என்று அவர் கண்டுகொண்டிருக்கிறார். பொய்க்காரி தொலைத்த உண்மையைத் தாம் கண்டுபிடித்ததாக அறிவிப்பார். அவர்கள் புரிந்துகொண்டது அவருக்கும் தெரியும் என்பது அவர் தேநீரை ஊதிக் குடித்த நிதானத்திலேயே தெரிந்தது. இந்தச் சட்டிதான் வலையைக் கரைக்கிறது என்று நிரூபிக்க இரண்டு வாரம் வேண்டும். விசாரணைக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"சும்மா கேக்கறேன், சென்செய். நைலான் கடல் தண்ணில நிஜமாவே கரையுமா?" என்றார் மிபு.

"நாப்பது வருஷமா கடலோடதான் இருக்கேன். ஒரு நூல் கரைஞ்சு நான் பாத்ததில்ல. விசாரணைக் குழுகிட்டயும் இதைத்தான் சொல்லப்போறேன்."

மிபு தலையை ஆட்டிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தார். எழுந்து போகப்போகிறார் என்று தமாகி நினைத்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் வாய் சும்மா இருக்காது. தொட்டிக்குப் பக்கத்துக் கொக்கியில் மீன் அள்ளும் நைலான் கைவலை ஒன்று தொங்கியது. கைப்பிடியில் கடைத் தாள்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"வலை புத்தம் புதுசா இருக்கே, சென்செய். பழசு எங்க? இந்தக் குண்டுப் பையன் தின்னுட்டானா?"

மிபுவின் கோப்பை உதட்டருகே நின்றது. பிறகு சத்தமில்லாமல் மேஜைக்கு வந்தது.

"எங்க போச்சு, சென்செய்?" என்று அவரும் கேட்டார்.

"கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அது கம்பி வளையம், உலோகம். அந்த வண்டி அடுத்த வாரம்தான் வரும். கீழ ஹதநகா-சான்கிட்டயும் எதுவும் வரல. நாங்க இப்போதான் பாத்துட்டு வர்றோம்."

வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்றார் பேராசிரியர். அப்படியானால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றார் மிபு. பேராசிரியர் சக்கரம் வைத்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். முழங்கால் மேஜையின் கீழ் இழுப்பறையில் போய் ஒட்டிக்கொண்டது.

அதைக் குஸேவும் பார்த்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றாள். மாணவியாக வந்த நாளிலிருந்து பதினைந்து வருடம், கதவைத் தட்டிவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்த அறை அது. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் எவரும் போனதில்லை.

"கொஞ்சம் காலை எடுங்க, சென்செய்."

அவர் எடுக்கவில்லை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்து உருட்டினாள். நாற்காலி அவரோடு சேர்ந்து ஜன்னல்வரை போய் நின்றது. தமாகி தன் வாழ்க்கையில் பார்க்காத காட்சி அது. கைதட்டாமல் இருக்க இனிப்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இழுப்பறையில் ஒரு பொட்டலம் இருந்தது. இந்த மாதச் செய்தித்தாளில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. மேலே சிவப்பு மையில் "ஆபத்து" என்று எழுதி, கீழே அறை எண்ணும் ஒனொதெரா என்ற பெயரும் பேராசிரியரின் அழகான கையெழுத்தில் இருந்தன. மனிதர் ஒரு கண்டுபிடிப்பையே திருடுவார், மாணவியின் வாழ்க்கையைக் கெடுப்பார். ஆனால் எரியாத குப்பையைப் பெயர் எழுதாமல் போட அவருக்கும் கை வரவில்லை. அடுத்த வார வண்டிக்காக, விதிப்படி, தம் திருட்டுக்குத் தாமே முகவரி எழுதி வைத்திருந்தார்.

குஸே பிரித்தாள். இரண்டு கைப்பிடிகள், இரண்டு கம்பி வளையங்கள். வளையங்களில் வலை இல்லை. ஓரத்தில் மட்டும், தொட்டால் கூழாகும் வெள்ளை நூல் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கிருமியும் ஊறியிருந்த சட்டி கிடந்த தண்ணீரில் வலையைத் தொங்கவிட்டு மறந்திருக்கிறார். கரைந்திருக்கிறது. இன்னொன்று வாங்கியிருக்கிறார், அதுவும் கரைந்திருக்கிறது. மூன்றாவதைத் தண்ணீர் படாமல் கொக்கியில் மாட்டியிருக்கிறார்.

குஸே ஒரு வளையத்தைத் தூக்கி, அதன் வழியாக அவரைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷத்துல பாத்ததில்லன்னு சொன்னீங்க. இந்த மாசம் மட்டும் ரெண்டு தடவை பாத்திருக்கீங்க, சென்செய்."

பேராசிரியர் மெதுவாக எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து மடங்கி, நரைத்த தலையை அவளுக்கு முன்னால் தாழ்த்தினார். இது இந்த அறையோடு போகட்டும், மார்ச்வரை மட்டும் பொறுத்துக்கொள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மேல் தமாகிக்கே ஒரு கணம் இரக்கம் வந்துவிட்டது.

குஸேவுக்கு வரவில்லை. "தலையைத் தூக்குங்க. எனக்கு உங்க தலை வேண்டாம். சட்டி போதும்" என்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டாள். பேத்தை மீன் கோபத்தில் உருண்டையாக உப்பிக்கொண்டு வெளியே வந்தது.

மூன்று மணிக்கு அவள் விசாரணை அறைக்குள் போனபோது கையில் வாளி இருந்தது. மிபு வளையங்கள் இருந்த பொட்டலத்தோடு பின்னால் போனார். மன்னிப்புக் கடிதம் எங்கே என்று குழுத் தலைவர் கேட்டாராம். அவள் வாளியை அவர்கள் மேஜைமேல் தூக்கி வைத்தாளாம். கடல் தண்ணீர் சிந்தி எல்லோருடைய காகிதமும் நனைந்ததாம். வெளியே வந்த மிபு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதே தமாகிக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தீர்ப்பு தள்ளிப்போனது. குழுவின் கண்காணிப்பில், பூட்டிய அறையில், இரண்டு வாரச் சோதனை நடக்கும். பேராசிரியர் ஒனொதெராவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாசலில் கேமராக்கள் நிமிர்ந்தன. மைக்குகளுக்கு முன்னால் வாளியோடு வந்து நின்ற பெண்ணை அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லையா என்று ஒரு நிருபர் கேட்டார்.

"வலை கரைஞ்சது. மறுபடியும் கரையும். ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க" என்றாள் குஸே. தலை நிமிர்ந்தே இருந்தது. ஃப்ளாஷ்கள் ஏமாற்றத்தோடு ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்போது கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து ஹதநகா வந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான்.

குஸே வாளியைத் தமாகி கையில் திணித்தாள். மைக்குகளை விலக்கிக்கொண்டு பனியில் நேராக நடந்து அவன் முன்னால் போய் நின்றாள். பிறகு இடுப்பிலிருந்து மடங்கினாள். காலையிலிருந்து இத்தனை பேர் காத்திருந்தது அந்தக் குனிவுக்காகத்தான். அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஆழமாகவே குனிந்தாள்.

"தொட்டியைக் கெடுத்தது நீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், ஹதநகா-சான். அது தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

கேமராக்கள் விழித்துக்கொண்டு ஓடி வந்தன. ஹதநகாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மிபுவின் கையில் பிரிந்து கிடந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்தான்.

"அந்தக் கம்பி வளையம்..." என்றான் கடைசியில். "செய்தித்தாள்ல சுத்தினது சரி. ஆனா கைப்பிடி பிளாஸ்டிக். அதைத் தனியா கழட்டியிருக்கணும். எங்கிட்ட வந்திருந்தா நான் திருப்பி அனுப்பியிருப்பேன்."

குஸேவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற தமாகிக்குத்தான் தெரியும், அவள் குனிந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.